முத்திரை எவ்வளவு சொல்லும்? பழைய பயோனெட்டுகளும் படைப்பிரிவுக் குறிகளும்

பழைய ராணுவப் பொருட்களைச் சேகரிப்பவர்களிடையே பயோனெட்டுக்குத் தனி இடம் உண்டு. துப்பாக்கியின் முனையில் பொருத்தும் இந்தக் கத்தி, வாளைப் போல அதிகாரிகளின் அணிகலனாக இருந்ததில்லை. சாதாரணச் சிப்பாயின் இடுப்பில் தொங்கியது, லட்சக்கணக்கில் செய்யப்பட்டது, கணக்கில்லாமல் கைமாறியது. ஒரே தொழிற்சாலையில் ஒரே மாதத்தில் செய்த இரண்டு கத்திகளை அருகருகே வைத்தால் எது எது என்று சொல்ல முடியாது. அவற்றைப் பிரித்துக் காட்டுபவை பிடியின் தலையிலோ குறுக்குக் காப்பிலோ அடிக்கப்பட்ட சில எழுத்துகளும் எண்களும்தான். எந்த ரெஜிமென்ட், எந்தக் கம்பெனி, எத்தனையாவது ஆயுதம் என்று அவை சொல்கின்றன.

அந்தக் குறி இருந்தால் விலை ஏறுகிறது. குறியோடு ஒரு கதையும் சேர்ந்துகொண்டால் இன்னும் ஏறுகிறது. குறியை வைத்து நியாயமாக எவ்வளவு தெரிந்துகொள்ளலாம், எந்த இடத்தில் அறிவு முடிந்து ஆசை பேசத் தொடங்குகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ஓர் ஆயுதம் எந்தப் படைப்பிரிவின் பொறுப்பில் இருந்தது என்பதற்கு முத்திரை உறுதியான சான்று. அது எந்தப் போர்க்களத்துக்குப் போனது, யார் கையில் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டும். இந்த எல்லையை மதிக்கும்போதுதான் சேகரிப்பு வரலாற்று வேலையாகிறது.

குறி பிறந்த காரணம்

17ஆம் நூற்றாண்டில் முதலில் வந்த பயோனெட்டுகளின் பிடியைத் துப்பாக்கிக் குழலின் வாய்க்குள்ளேயே செருக வேண்டியிருந்தது. செருகிய பிறகு சுட வழியில்லை. 1689 ஜூலை 27 அன்று ஸ்காட்லாந்தின் கில்லிக்ராங்கியில் ஜெனரல் ஹ்யூ மெக்கேயின் அரசுப் படை சுட்டு முடித்து, கத்தியைச் செருகுவதற்குள் மலைநாட்டு வீரர்கள் சரிவில் பாய்ந்து இறங்கிவிட்டார்கள். படை சிதறியது. அதன்பின் குழலுக்கு வெளியே வளையம்போல மாட்டிக்கொள்ளும் வகை பரவியது. பிரிட்டிஷ் படையின் பிரவுன் பெஸ் துப்பாக்கியோடு சென்ற முக்கோண அலகுள்ள பயோனெட் இந்த வகைதான். அலகு சுமார் 17 அங்குலம்.

அந்தக் காலத்தில் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும் அளவுக்குத் துல்லியமாகச் செய்யப்படவில்லை. ஒரு பயோனெட்டின் வளையத்தை ஒரு குறிப்பிட்ட துப்பாக்கியின் குழலுக்கு ஏற்பக் கையால் பொருத்தினார்கள். ஜோடி மாறினால் கத்தி ஆடும், அல்லது மாட்டவே மாட்டாது. ஆகவே துப்பாக்கிக்கும் கத்திக்கும் ஒரே எண்ணை அடித்தார்கள். பிரவுன் பெஸ் காலத்துப் பயோனெட்டுகளில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மட்டும் இருப்பது இதனால்தான்: எழுத்து கம்பெனிக்கு, எண் ஆயுதத்துக்கு. எந்த ரெஜிமென்ட் என்பது அதில் பெரும்பாலும் இருக்காது.

இரண்டாவது காரணம் கணக்கு. ஆயுதம் அரசின் சொத்து. தொலைத்த சிப்பாயின் சம்பளத்தில் பிடித்தம் செய்ய வேண்டுமானால் எந்த ஆயுதம் யாரிடம் கொடுக்கப்பட்டது என்பது தெரிந்தாக வேண்டும். வீரத்தைப் பறைசாற்ற யாரும் இந்தக் குறிகளை அடிக்கவில்லை. கிடங்குக் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று அடித்தார்கள். குறியைப் படிக்கும்போது இந்த நோக்கத்தை மறந்துவிடக் கூடாது.

பிரிட்டிஷ் குறிகள்: கையில் ஒரு 1907 வகை

உலகில் மிகுதியாகச் சேகரிக்கப்படும் பயோனெட்டுகளில் ஒன்று பிரிட்டனின் 1907ஆம் ஆண்டு வகை. லீ என்ஃபீல்டு துப்பாக்கியைக் குட்டையாக்கியபோது சிப்பாயின் எட்டும் தூரம் குறைந்தது. அதை ஈடுகட்ட, ஜப்பானின் அரிசாகா பயோனெட்டைப் பார்த்து 17 அங்குல அலகோடு இதைச் செய்தார்கள். தொடக்கத்தில் குறுக்குக் காப்பின் ஒரு முனை கொக்கிபோல வளைந்திருந்தது. 1913இல் அந்தக் கொக்கியைக் கைவிட்டார்கள். கொக்கியோடு எஞ்சியவை இன்று அரிது.

ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால், பிடிக்கு மேலே அலகின் அடிப்பகுதியில் ஒரு பக்கம் கிரீடம் தெரியும். அதன் கீழே அரசரின் பெயரெழுத்துகள்: ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் ஜி.ஆர்., அவருக்கு முன் ஏழாம் எட்வர்ட் காலத்தில் ஈ.ஆர். அதற்கும் கீழே 1907. புதிதாக வருபவர்கள் இதைச் செய்த ஆண்டு என்று எடுத்துக்கொள்வதுண்டு. அது இந்த வகை ஏற்கப்பட்ட ஆண்டு. ஏற்பு ஆய்வு முடிந்த மாதமும் ஆண்டும் அதற்குக் கீழே சிறிய எண்களில் இருக்கும். அடுத்து வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன், மோல், விக்கர்ஸ் என்று செய்தவர் பெயர். மறுபக்கத்தில் அரசுச் சொத்தைக் குறிக்கும் அகன்ற அம்பு, அலகை வளைத்துச் சோதித்ததற்கான எக்ஸ் குறி, ஆய்வாளர்களின் கிரீடமிட்ட சிறு முத்திரைகள். பிற்பாடு பழுதுபார்த்து மீண்டும் வழங்கியிருந்தால் அந்த ஆண்டும் சேர்ந்திருக்கும்.

இதுவரை பார்த்தவை ஆயுதத்தின் பிறப்புச் செய்திகள். ரெஜிமென்ட் குறி பிடியின் தலையில் இருக்கும். பட்டாலியன் எண், ரெஜிமென்ட் பெயரின் சுருக்கம், அதன்கீழ் ஆயுத எண் என்பது பொதுவான வரிசை. அடித்தது தொழிற்சாலை அல்ல. ரெஜிமென்டின் ஆயுதக் கொல்லர், ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியலால் அடித்தது. எனவே எழுத்துகள் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. ஒன்று ஆழமாக இருக்கும், அடுத்தது மேலோட்டமாகப் பதிந்திருக்கும். உண்மையான குறியில் இந்தச் சீரின்மை இயல்பு.

காலத்தைக் கணிக்கப் படைச் சீர்திருத்தங்கள் கைகொடுக்கின்றன. 1881இல் பிரிட்டன் எண்களால் அழைக்கப்பட்ட பழைய ரெஜிமென்டுகளை இணைத்து, மாவட்டப் பெயர்களைச் சூட்டியது. அதற்கு முன் அடித்த குறியில் எண் இருக்கும், பின் அடித்ததில் பெயர்ச்சுருக்கம் இருக்கும். 1908இல் தன்னார்வப் பட்டாலியன்கள் பிரதேசப் படையாக மாறின. ஆகவே தன்னார்வத்துக்கான வி எழுத்து இருந்தால் அந்தக் குறி அதற்கு முந்தையது. ஆயுதம் செய்த தேதியும் குறியின் காலமும் ஒத்துப்போகின்றனவா என்பதே முதல் சோதனை.

இரண்டு அகன்ற அம்புகள் முனையோடு முனை தொட்டபடி எதிரெதிரே அடிக்கப்பட்டிருந்தால், அரசு அந்த ஆயுதத்தைக் கழித்து விற்றுவிட்டது என்று பொருள். ஒரு பயோனெட்டின் ராணுவ வாழ்க்கை அங்கே முடிந்து, சந்தை வாழ்க்கை தொடங்குகிறது.

ஜெர்மானிய ஒழுங்கு

குறி அடிப்பதை முழு இலக்கணமாகவே வகுத்தது ஜெர்மனி. 1877இலும் 1909இலும் வெளியான விதிமுறைகள் எந்தப் பிரிவுக்கு எந்த எழுத்து, எந்த வரிசை, எந்த இடம் என்று நிர்ணயித்தன. இடம் குறுக்குக் காப்பு. அங்கே 76.ஆர்.10.85 என்று ஒரு வரி இருந்தால், 76ஆம் காலாட்படை ரெஜிமென்ட், 10ஆவது கம்பெனி, 85ஆவது ஆயுதம் என்று படிக்க வேண்டும். 76ஆம் ரெஜிமென்ட் ஹாம்பர்க் நகரின் ரெஜிமென்ட். பவேரியப் படை தன்னை வேறுபடுத்திக்கொள்ள முன்னால் பி என்ற எழுத்தைச் சேர்த்தது. நேரான அச்செழுத்தா, சாய்ந்த கையெழுத்து வடிவமா என்பதும் பொருளை மாற்றும். எழுத்து தேய்ந்த குறியைப் படிக்கும்போது அவசரப்படாமலிருக்க இதுவே போதுமான காரணம்.

அலகின் முதுகில் இன்னொரு முத்திரை: கிரீடத்தின் கீழ் ஆட்சியாளரின் பெயரெழுத்து, அதனடியில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். டபிள்யூவும் 16உம் இருந்தால் வில்ஹெல்மின் பெயரால் 1916இல் ஏற்கப்பட்டது. உறையிலும் இதே ரெஜிமென்ட் குறியை அடித்தார்கள். கத்தியும் உறையும் ஒரே எண்ணோடு கிடைத்தால் நூறாண்டுக்கு மேலாக அவை பிரியாமல் வந்திருக்கின்றன என்று நம்ப இடமுண்டு. சேகரிப்பாளர்கள் இத்தகைய ஜோடிக்கு அதிக மதிப்புத் தருவதில் நியாயம் இருக்கிறது.

விதி இவ்வளவு தெளிவாக இருப்பதால் சரிபார்ப்பும் எளிது. 1914க்கு முன் ஒரு ஜெர்மானியக் காலாட்படை ரெஜிமென்டில் 12 காலாட்கம்பெனிகள். 13ஆவது, இயந்திரத் துப்பாக்கிக் கம்பெனி. போர்க்காலத்தில் ஒரு கம்பெனிக்கு ஏறத்தாழ 250 பேர். கம்பெனி எண் 20 என்றோ ஆயுத எண் 900 என்றோ கண்டால் படித்தது தவறா, குறியே பொய்யா என்று யோசிக்க வேண்டும்.

முதுகில் ரம்பப் பற்கள் கொண்ட ஜெர்மானியப் பயோனெட்டுகளைப் பற்றிக் கதைகள் ஏராளம். பற்கள் கம்பும் கட்டையும் அறுப்பதற்காக வைக்கப்பட்டவை. குறிப்பாகப் பொறியியல் வீரர்களுக்காக. எதிரணி அவற்றைக் கொடூரத்தின் அடையாளமாகப் பிரசாரம் செய்ததால், போரின் பிற்பகுதியில் ஜெர்மானியப் படையே பல கத்திகளின் பற்களைத் தேய்த்து நீக்கியது. அப்படித் தேய்க்கப்பட்ட முதுகும் வரலாற்றுச் சான்றுதான். குறை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

மற்ற நாடுகள்

பிரான்ஸ் வேறு வழியில் போனது. 1866ஆம் ஆண்டு வகை ஷாஸ்போ துப்பாக்கியின் பயோனெட்டில் பித்தளைப் பிடியும் வளைந்த அலகும் கண்ணைப் பறிக்கும். அலகின் முதுகில் செந்த் எத்தியேன், ஷாத்தெல்ரோ, த்யூல் போன்ற ஆயுதச்சாலையின் பெயரும் மாதமும் ஆண்டும் அழகிய சாய்வெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். குறுக்குக் காப்பில் உள்ள எண் துப்பாக்கியின் எண்ணோடு பொருந்துவதற்கானது. ரெஜிமென்ட் பெயரைத் தேடினால் பொதுவாக ஏமாற்றமே மிஞ்சும். சுவீடனின் 1896 வகையில் காலாட்படைக்கான எழுத்து, ரெஜிமென்ட் எண், ஆயுத எண் என்று குறி சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கும். கற்றுக்கொள்பவருக்கு நல்ல தொடக்கம். ஆஸ்திரேலியாவில் ராணுவ மாவட்டத்தின் எண்ணை அடித்தார்கள். கனடா, சி எழுத்துக்குள் அகன்ற அம்பை வைத்தது.

இந்தியப் படைகளும் மதராஸ் எண்களும்

கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆயுதங்களுக்குத் தனி அடையாளம் வைத்திருந்தது: நான்காகப் பிரித்த இதய வடிவத்துக்குள் கம்பெனியின் பெயரெழுத்துகள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் இடத்தில் எழுந்து நிற்கும் சிங்கம் வந்தது. தென்னிந்தியாவில் எஞ்சியிருக்கும் பழைய பயோனெட்டுகளைப் படிக்க இந்த மாற்றம் முக்கியமான காலக்கோடு.

இன்னொரு காலக்கோடு 1903. அந்த ஆண்டு தலைமைத் தளபதி கிச்சனர் இந்தியப் படை முழுவதுக்கும் ஒரே எண்வரிசை கொண்டுவந்தார். மதராஸ் ரெஜிமென்டுகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. 3ஆவது மதராஸ் எனப்பட்ட பாளையங்கோட்டை இலகு காலாட்படை 63ஆனது. 23ஆவது வாலாஜாபாத் இலகு காலாட்படை 83ஆனது. 1ஆவது மதராஸ் பயோனியர் 61ஆனது. 1922இல் மீண்டும் சீரமைத்தபோது அந்த எண்களும் போயின. 73ஆவது கர்நாடிக் காலாட்படை போன்றவை 3ஆவது மதராஸ் ரெஜிமென்டுக்குள் அடங்கின. அந்த ரெஜிமென்டும் 1920களின் முடிவுக்குள் கலைக்கப்பட்டது. எனவே 61 முதல் 93 வரை எண் கொண்ட மதராஸ் வரிசைக் குறி ஒரு கத்தியில் இருந்தால், அது 1903க்கும் 1922க்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் அடித்தது. மதராஸ் படை தன் பழைய வடிவில் இருந்த கடைசி ஆண்டுகள் அவை. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா போரில் 61ஆம் 63ஆம் ரெஜிமென்டுகள் இரண்டும் இருந்தன. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து போனவர்களின் வரலாறு, நம் நூல்களில் அரைப்பக்கம்கூடப் பெறாத வரலாறு, இந்த எண்களோடு பிணைந்திருக்கிறது. இந்தக் குறிகள் மேல் நாம் அக்கறை கொள்ள இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை 1907 வகையை இந்தியாவிலேயே செய்தது. இரண்டாம் உலகப்போரின்போது இந்திய வகைகளின் அலகு 12 அங்குலமாகக் குறைந்தது. பழைய நீண்ட அலகுகள் வெட்டிக் குறைக்கப்பட்டதும் உண்டு.

முத்திரை சொல்லாதவை

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது அங்கே காவலிலிருந்த பிரிட்டிஷ் வீரர்கள் 69ஆவது ரெஜிமென்டைச் சேர்ந்தவர்கள். 1815இல் குவாத்ர் பிரா, வாட்டர்லூ களங்களில் நின்றதும் 69ஆவது ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாலியன். 1881இல் அந்த எண் மறைந்து வெல்ஷ் ரெஜிமென்டின் ஒரு பட்டாலியனானது. இப்போது 69 என்ற எண் பதித்த பிரவுன் பெஸ் பயோனெட் ஒன்று விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் விற்பவர் வேலூர் என்பார். லண்டனில் விற்பவர் வாட்டர்லூ என்பார். இரண்டு இடத்துக்கும் போகாமல் ஒரு கிடங்கிலேயே கிடந்த கத்தியாகவும் அது இருக்கலாம். 69 என்பது ரெஜிமென்ட் எண்ணா, வெறும் ஆயுத எண்ணா என்பதே முதலில் தீர வேண்டிய கேள்வி.

போர்க்களத்தில் பயோனெட் எவ்வளவு பயன்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் மருத்துவப் பதிவுகளில் பயோனெட்டாலும் வாளாலும் ஏற்பட்ட காயங்கள் மொத்தத்தில் நூற்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை. பயோனெட்டின் வேலை பெரும்பாலும் அச்சுறுத்துவது. கத்தியை மாட்டிய வரிசை முன்னேறுவதைப் பார்த்தே எதிரி கலைந்த சந்தர்ப்பங்கள் அதிகம். அலகின் பள்ளம் ரத்தம் வழிவதற்கு என்பதும் கட்டுக்கதை. வலு குறையாமல் எடையைக் குறைக்கவே அந்தப் பள்ளம்.

ஆனாலும் முத்திரையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டுகளால், முதல் உலகப்போர் சிப்பாய்களின் சேவைப் பதிவேடுகளில் பெரும்பகுதி எரிந்தது. 1945 ஏப்ரலில் பாட்ஸ்டாமில் பிரஷ்யப் படையின் ஆவணக் காப்பகம் குண்டுவீச்சில் அழிந்தது. காகிதம் போன இடத்தில் இரும்பு எஞ்சியது. எந்தக் காலத்தில் எந்த ரெஜிமென்டுக்கு எந்த வகை ஆயுதம் வழங்கப்பட்டது என்பதை, நூற்றுக்கணக்கான கத்திகளின் குறிகளைத் தொகுத்து ஒப்பிட்டுத்தான் பல இடங்களில் மீட்டெடுக்க முடிகிறது. பிரிட்டிஷ், காமன்வெல்த் பயோனெட்டுகளைப் பற்றி ஸ்கென்னர்டனும் ரிச்சர்ட்சனும் எழுதிய நூலும், ஜெர்மானிய பயோனெட்டுகளைப் பற்றிய ஆன்டனி கார்ட்டரின் தொகுதிகளும் இத்தகைய உழைப்பின் பலன். தனி ஒரு கத்தி சொல்வது குறைவு. பல கத்திகள் சேர்ந்து சொல்வது நிறைய.

ஆனால் முதல் உலகப்போரிலேயே குறி அடிக்கும் வழக்கம் தளர்ந்துவிட்டது. லட்சக்கணக்கான ஆயுதங்கள் மையக் கிடங்குகளிலிருந்து வந்து, காயமுற்றவரிடமிருந்து மீண்டும் கிடங்குக்குப் போய், வேறொரு ரெஜிமென்டுக்கு வழங்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் குறி அடிக்க நேரமும் இல்லை, பொருளும் இல்லை. அந்தக் காலத்து ஜெர்மானிய, பிரிட்டிஷ் கத்திகளில் பல வெறுமையாக இருப்பது இதனால்தான். குறி இல்லாத 1916 கத்தி போருக்குப் போகவில்லை என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். குறியுள்ள 1911 கத்தியைவிட அதுவே களத்தில் அதிகம் அலைந்திருக்கக் கூடும்.

போலிகளை அறிவது

குறிக்கு விலை உண்டு என்றால் போலிக் குறியும் வரும். உண்மையான வெற்றுக் கத்தியில் புகழ்பெற்ற ரெஜிமென்டின் பெயரைப் புதிதாக அடிப்பதே பரவலான மோசடி. உருப்பெருக்கியும் பக்கவாட்டு வெளிச்சமும் போதும். எஃகில் எழுத்தை அடிக்கும்போது விளிம்பில் உலோகம் மெல்ல மேலெழும். பல்லாண்டு துணியும் உறையும் உரசி அந்த விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். விரலில் கூர்மையாகத் தட்டினால் சந்தேகம் எழும். எழுத்தின் பள்ளத்துக்குள் சுற்றியுள்ள பரப்பின் அதே கருமை படிந்திருக்க வேண்டும். அடியில் பளிச்சென்ற எஃகு தெரிந்தால் சமீபத்தில் அடித்தது. துருக்குழியின் மேல் எழுத்து ஏறியிருந்தால், துரு முதலில், எழுத்து பின்னர்.

அதற்கடுத்தது ஏரணம். கத்தி செய்த ஆண்டுக்கு முன்பே மறைந்துவிட்ட ரெஜிமென்டின் பெயர், விதியில் இல்லாத வரிசை, அந்த நாடு அடிக்காத இடம் என எதுவும் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். 1907 வகையில் வெட்டிய கொக்கியை மீண்டும் பற்றவைத்து விற்பதும் நடக்கிறது. பற்றவைத்த இடத்தில் உலோகத்தின் நிறமும் மணிகளும் மாறும். மாறாக, பழைய குறியின் மேல் கோடிழுத்து ரத்துசெய்து பக்கத்தில் புதிய குறி அடித்திருந்தால் பயப்படத் தேவையில்லை. ஆயுதம் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குப் போனதன் நேர்மையான பதிவு அது.

பராமரிப்பும் சட்டமும்

பளபளப்பு பயோனெட்டின் பகைவன். உப்புத்தாளும் மெருகேற்றும் சக்கரமும் ஒரு மணி நேரத்தில் நூறாண்டுச் சான்றை அழித்துவிடும். முதலில் போவது மேலோட்டமாகப் பதிந்த ரெஜிமென்ட் குறிதான். செயலில் உள்ள செந்துருவை மட்டும் மெல்லிய எண்ணெயும் மென்மையான துணியும் கொண்டு நீக்கினால் போதும். பிறகு ரெனசான்ஸ் மெழுகு போன்ற நுண்படிக மெழுகை மெல்லியதாகப் பூசலாம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் தோலுறைக்குள் கத்தியை வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. தோல் ஈரத்தை வாங்கி அலகை அரிக்கும். உறையைப் பக்கத்தில் தனியே வைப்பது நல்லது. வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் தடம் துருவாகும்.

சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கக் கூடாது. 1959 ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் பயோனெட்டைப் பெயர் சொல்லியே கூர்மையான ஆயுதங்களின் வகையில் சேர்த்திருக்கின்றன. 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அலகு அந்த வகைக்குள் வரும். அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் இவற்றுக்கு உரிமம் தேவை. ஆகவே வாங்குமுன் உள்ளூர் அதிகாரிகளிடம் நிலவரத்தைக் கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. 100 ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருட்களைத் தனிநபர்கள் நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1972 தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. 1916இல் செய்த கத்தி அந்த வயதைத் தாண்டிவிட்டது.

சேகரிப்பாளரின் கடமை

வேலூரின் கதையைச் சொன்ன அதே வகை எண்கள் இந்த நாட்டை அடக்கிய படைகளுக்கும் உரியவை, அந்தப் படைகளில் கூலிக்குப் போன நம்மவர்க்கும் உரியவை. ஒரு ரெஜிமென்டின் பெயர் பெருமையை மட்டும் சுமப்பதில்லை. அதைச் சேகரிப்பவர் இரண்டையும் பேசத் தயாராக இருக்க வேண்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது சிறிது. ஒவ்வொரு கத்திக்கும் ஒரு பதிவட்டை: எல்லாக் குறிகளின் நெருக்கமான புகைப்படம், அளவு, வாங்கிய வழி, விற்றவர் சொன்ன கதை. அந்தக் கதையைச் சான்றோடு கலக்காமல் தனியே, யார் சொன்னது என்ற குறிப்போடு எழுத வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் பழைய ஆயுதங்கள் காட்சியில் உள்ளன. தனியாரிடம் உள்ள மதராஸ் வரிசைக் குறிகளின் பதிவுகளும் பொதுப் பார்வைக்கு வந்து அவற்றோடு சேர்ந்தால், எந்தப் பட்டாலியன் எந்த ஆண்டில் எந்த ஆயுதம் ஏந்தியது என்று ஒரு பட்டியல் தமிழிலேயே உருவாகும். எரிந்துபோன பதிவேடுகளை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. இருக்கும் இரும்பை நேர்மையாகப் படித்து எழுதிவைக்க யாராலும் முடியும், அந்த வேலையை இன்று கத்தியை வைத்திருப்பவர்தான் தொடங்க வேண்டும்.